மனசை விட்டுப் போகாத ஒரு நோயாளி: புற்றுநோய்க்குப் பிறகான பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி அனுபவங்கள்

திருவாரூர், பிசியோதெரபிஸ்ட்
மார்பக ஆபரேஷன், அக்குள் நெறிக்கட்டியும் எடுத்தாச்சு, ரேடியேஷனும் முடிஞ்சது. கை வீங்குதேன்னு மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இறுக்கிச் சுத்திக்கிட்டு வந்தார் அந்த அம்மா. அவிழ்த்தால் முன்கை ஒடுங்கியிருக்கு, புறங்கை பன்னு மாதிரி உப்பியிருக்கு, விரல் மடங்கலை. அந்தப் புறங்கை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

கிரேப் நல்லா இழுபடும், தூங்கும்போதும் இறுக்கும். வேண்டியது அதிகம் இழுபடாத ஷார்ட் ஸ்ட்ரெச் பேண்டேஜ். ஓய்வில் அழுத்தம் குறைவு. தசை அசையும்போது எதிர்த்து நிற்கும், அதில்தான் வடிய வழியில்லாமல் கையில் தேங்கிய நிணநீர் மேலே ஏறும். விரல்களுக்கு காஸ், மேலே பஞ்சுப் பட்டை, பிறகு பேண்டேஜ் அகலம் உள்ளங்கைக்கு 6 செ.மீ., முன்கைக்கு 8, மேல்கைக்கு 10. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடணும். விரல் பக்கம் அழுத்தம் அதிகம், அக்குள் நோக்கிப் போகப்போகக் குறையணும். விரல் நுனி மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்க்கணும்.

மன்னார்குடி, பிசியோதெரபிஸ்ட்
கட்டு பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் "அந்தக் கையால எதையும் தூக்காதே"ன்னு ஊரே சொல்லி அனுப்பியிருக்குமே, அதை ஏன் விட்டுட்டீங்க? நான் பார்த்த நடவு வேலைக்காரம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக் கையை மடியிலேயே வச்சிருந்தார். தோள் இறுகி, புடவைத் தலைப்பைத் தோளில் போடவே இன்னொருத்தர் வேண்டியிருந்தது.

வீக்கம் உள்ள பெண்களைப் படிப்படியாகப் பளு தூக்க வைத்த ஆய்வு 2009லேயே வந்தாச்சு. வீக்கம் கூடலை, திடீர்னு மோசமாவதும் குறைந்தது. அவங்க அளவெடுத்த ஸ்லீவ் (கையை அழுத்திப் பிடிக்கும் உறை) போட்டு, பயிற்சியாளர் மேற்பார்வையில், மெதுவாகத்தான் பளுவை ஏத்தினாங்க. அரை கிலோவில் தொடங்கி 10 தடவை. மறுநாள் கை கனக்கலைன்னா மட்டும் கூட்டணும். மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒரு சுற்றளவு எடுக்கணும், இரண்டு கையிலும், அதே இடத்தில். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் கவனிக்கணும். 15 லிட்டர் தண்ணிக் குடம் 15 கிலோ, அது கடைசிப் படி.

நாகப்பட்டினம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்)
மீன் நறுக்கும் அம்மா. பாக்லிடாக்செல்னு கீமோ மருந்து போட்டதில் விரல் நுனி மரத்துப்போச்சு. அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்டது தெரியாமல், தண்ணி சிவந்த பிறகுதான் பார்த்தாராம். உணர்ச்சி இல்லாத கைக்குக் கண்தான் காவல்: நல்ல வெளிச்சம், வெட்டுத் தாங்கும் கையுறை, கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமன், வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது.

கும்பகோணம், பிசியோதெரபிஸ்ட்
எனக்கு மனசை விட்டுப் போகாதது ஒருத்தரோட வாய்தான். வெற்றிலை, சீவல், புகையிலை போட்டவர், கன்னத்தில் புற்று. ரேடியேஷன் முடிஞ்சு வந்தப்போ ஒரு விரல்தான் உள்ளே போச்சு. இட்லியைக் கரைச்சுத்தான் ஊட்டுறாங்க. மூணு விரல் நுழையணும். முன்பற்களுக்கிடையே 35 மி.மீ.க்குக் கீழே போனாலே வாய்ப்பூட்டு.

ஐஸ் குச்சிகளை அடுக்கி, முன்பல்லில் இல்லாமல் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்து, 30 விநாடி, ஐந்து முறை, நாளுக்குப் பல வேளை. வலியில்லாமல் இறுக்கம் விடும்போது ஒரு குச்சி கூட்டணும். ரேடியேஷன் தொடங்கும்போதே ஆரம்பிக்கணும், முடிஞ்ச பிறகும் விடக்கூடாது. தசை நார் இறுகுவது மாதக்கணக்கில் தொடரும். பல் ஆடினால் ரேடியேஷன் டாக்டரைக் கேட்காமல் பிடுங்காதீங்க, தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

மயிலாடுதுறை, பிசியோதெரபிஸ்ட்
கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்தவர், ஒரு கால் மட்டும் வீக்கம். பார்த்தவங்க எல்லாம் யானைக்கால்னு முடிவு கட்டிட்டாங்க. நம்ம டெல்டாவில் அந்தப் பேர் சட்டுனு வாயில் வரும். அவரும் வெட்கப்பட்டு வீட்டைவிட்டு வெளியே வரலை. அது யானைக்கால் இல்லை, சிகிச்சைக்குப் பிறகு நிணநீர் தேங்கிய வீக்கம்.

யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்றேன், சம்பா நடவு நேரத்தில் சேற்றில் நிற்கும் காலில் சின்ன வெடிப்பு போதும், கிருமி ஏறிடும். விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றி, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவணும், மெட்டி இறுக்கினால் கழற்றணும். கால் சிவந்து சுட்டு, குளிரோடு காய்ச்சல் வந்தால் கட்டை அவிழ்த்து அன்றைக்கே டாக்டரிடம் போகணும். இன்னொன்று: மெதுவாக ஏறிய வீக்கம் வேறு, இரண்டு மூணு நாளில் ஏறி ஆடுசதை வலிக்கும் வீக்கம் வேறு. இரண்டாவது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்காமல் கட்டும் போடாதீங்க, நீவியும் விடாதீங்க. புதுசா வலியோடு வீங்கினால் நோய் திரும்பியிருக்கான்னும் டாக்டர் பார்க்கணும். இவையெல்லாம் இல்லைன்னு தெரிந்த பிறகுதான் முதல் கட்டு.