உடைகலமா, உடைய கலமா? ஆழ்கடற் கப்பல்களுக்கான கலைச்சொற்கள் குறித்த மடலிழை

இழையைத் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கடற்சட்டம் பயில்வோருக்கான நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஆழ்கடலில் கிடக்கும் பழங்கப்பலைக் கண்டுபிடித்து, அது இன்ன கப்பல் என்று நிறுவி, அதன்மேல் உரிமை கோருவது பற்றிய இயலில் மூன்று நாளாக நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும்.

முதல் இடர், கடலடியில் கிடக்கும் கப்பலின் பெயர். ‘கப்பற்சேதம்’ என்பது நிகழ்ச்சியைச் சொல்கிறதே ஒழியப் பொருளைச் சொல்லவில்லை. சேதத்தின்மேல் யாரும் உரிமை கோருவதில்லை. இரண்டாவது, ‘சால்வேஜ்’, அதாவது கடலிடரில் சிக்கிய கப்பலையோ சரக்கையோ காத்தெடுத்து அதற்கு ஊதியம் பெறுவது. ‘மீட்பு’ என்று எழுதினால் இடிக்கிறது. தத்தளிப்பவரைக் காப்பதும் மீட்பு, தொலைத்ததைத் திரும்பப் பெறுவதும் மீட்பு, அடகு நகையைத் திருப்புவதும் மீட்பு என்று வழங்குவதால், இந்த இயலின் ஒரே பத்தியில் மூன்று மீட்புகள் முட்டிக்கொள்கின்றன.

மூன்றாவதுதான் என்னைப் படுத்துகிறது. ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்ற நீராவிக் கப்பல் கலிபோர்னியத் தங்கத்தோடு 1857 செப்டம்பரில் சூறாவளியில் மூழ்கியது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 2,200 மீட்டர் ஆழத்தில் கிடந்த அதை, மேலே நின்ற கப்பலிலிருந்து கேமராவாலும் இயந்திரக் கையாலும் கையாண்டவர்களை, அதைக் கைவசம் வைத்திருப்பவர்களாகவே அமெரிக்க நீதிமன்றம் ஏற்றது. கை போகாத இடத்தில் ‘கைவசம்’ என்று எழுதக் கை வரவில்லை. உதவுங்கள்.

புலவர்:

அன்புடையீர், முதல் சொல்லுக்கு ஆராய்ச்சியே தேவையில்லை, நம்மிடம் இருக்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் உடைந்து கரைசேர்வோரின் உயிரைக் காக்குமாறு நாகர் தலைவனிடம் சொல்லும்போது அவர்களை ‘உடைகல மாக்கள்’ என்கிறான். உடைகலம் என்பது வினைத்தொகை. உடைந்த கலம், உடைகின்ற கலம், உடையும் கலம் என முக்காலத்துக்கும் விரியும். கடலடியில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே இருக்கும் பொருளுக்கு முக்காலமும் காட்டும் தொகையைவிடப் பொருத்தமான வடிவம் வேறெந்த மொழியில் கிடைக்கும்? ‘கலம்’ என்றால் மாணவர் பாத்திரம் என்று எண்ணுவர் என யாரேனும் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: விண்கலம் என்று படிப்பவர் எவரும் பாத்திரம் பறப்பதாக எண்ணவில்லை.

ஓய்வுபெற்ற கடற்பொறியாளர்:

புலவர் ஐயாவின் சொல் அழகானது. ஆயினும் ஆழ்கடலில் கிடப்பவை எல்லாம் உடைந்தவை அல்ல. டைட்டானிக் இரண்டாகப் பிளந்து ஏறத்தாழ 3,800 மீட்டரில் கிடக்கிறது; அதை உடைகலம் எனலாம். முழுதாக அமிழ்ந்து நிமிர்ந்து நிற்கும் கப்பலை என்னவென்பது? ‘மூழ்குகலம்’ என்று முன்மொழிகிறேன்.

மேலும், நம் நண்பர் கேளாத ஒரு சொல்லில்தான் தவறு நேரும் என்று அஞ்சுகிறேன். ‘கண்டுபிடித்து, இன்ன கப்பல் என்று நிறுவி’ என்று அவர் ஓடும் நீரைப்போல் எழுதிவிட்டார். தொழிலில் அவை தனித்தனிப் படிகள். ஒலியலைகளால் கடலடியைப் படம்பிடிக்கும் பக்கநோக்குச் சோனாரை இழுத்துச் செல்லும்போது திரையில் தெரிவது ஒரு பொட்டும் அதன் நிழலும் மட்டுமே. அது பாறையாகவும் இருக்கலாம். இது ‘கண்டறிதல்’. பின்னர் ரோபோவை இறக்கி, கப்பல்தான் என்று உறுதிசெய்து, இடத்தைக் குறிப்பது ‘இடங்குறித்தல்’. இன்ன பெயருடைய கப்பல் என்று காட்டுவது மூன்றாவது. ‘சென்ட்ரல் அமெரிக்கா’வைத் தேடியவர்கள் 1987-இல் ஒரு நிலக்கரித் துண்டை மேலே கொண்டுவந்து நீதிமன்றத்தில் காட்டி, அந்த இடத்தின்மேல் ஆணை பெற்றனர். கரி வந்த கப்பல் வேறு என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. உண்மையான கப்பலை 1988-இல் கண்டனர், அதன் மணி ஐயத்தைத் தீர்த்தது. எல்லாவற்றையும் ‘அடையாளம் காணல்’ என்று எழுதினால், கரித் துண்டும் மணியும் ஒரே எடையுள்ள சான்றுகள் என்று மாணவர் நினைத்துவிடுவர்.

சொற்பிறப்பு ஆர்வலர்:

பொறியாளர் ஐயா மணியைச் சொன்னதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது, பொறுத்தருள்க. 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்ப்பிடோவால் மூழ்கி, 2011-இல் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் காணப்பட்ட வெள்ளிக் கப்பலின் பெயர் ‘கெர்சொப்பா’. பக்கவாட்டில் டார்ப்பிடோ திறந்த ஓட்டையும் உடற்பகுதியின் வண்ணமும் அதை நிறுவ உதவின. அந்தப் பெயர் கன்னட நாட்டு ஊரின் பெயர். அருகிலுள்ள அருவிக்கும் அதுவே பழம்பெயர். கேரு என்பது சேராங்கொட்டை மரம். சொப்பு என்பது இலை. கன்னடத்தின் ககரம் முன்னுயிர்க்கு முன் தமிழில் சகரமாவது நாம் அறிந்ததே: கெவி, செவி, கெய், செய், அவ்வாறே கேரு, சேர். சேராங்கொட்டையின் சாறு எதற்குப் பயன்பட்டது? துணி வெளுப்போர், எந்தத் துணி எவருடையது என்று அழியாக் குறி இடுவதற்கு! ஆகவே தன் பெயரிலேயே அடையாளக் குறியைச் சுமந்த கப்பல் அது. நம் சொல்லும் ‘குறி’ என்ற வேரிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் துணிபு. கலக்குறி, குறிகாணல், குறிநாட்டல் என்று குடும்பமாகவே ஆக்கலாம்.

வழக்கறிஞர்:

சேராங்கொட்டையைப் படித்துச் சிரித்தேன். ஆனால் ‘நாட்டல்’ என்ற பகுதியை விடமாட்டேன். அடையாளம் ‘காணல்’ ஆய்வாளரின் வேலை. அடையாளம் ‘நாட்டல்’ வழக்காடுபவரின் வேலை. பெயர் நாட்டப்பட்ட கணத்திலேயே உரிமையாளர் எழுந்து வந்துவிடுவார் என்பதால், சிலருக்குப் பெயர் தெரியாமல் இருப்பதே ஆதாயம். 2007-இல் ஒரு அமெரிக்க நிறுவனம் அட்லாண்டிக்கின் அடியிலிருந்து ஏறத்தாழ 5,94,000 நாணயங்களை எடுத்து, இடத்துக்குக் ‘கருப்பு அன்னம்’ என்று குழூஉக்குறிப் பெயரிட்டு, எந்தக் கப்பல் என்று உறுதியாகவில்லை என்றே வழக்குத் தொடுத்தது. ஸ்பெயின் வந்து, அது 1804 அக்டோபரில் பிரித்தானியப் போர்க்கப்பல்களோடு போரிடுகையில் வெடித்த தன்னுடைய ‘மெர்சிடெஸ்’ போர்க்கப்பல் என்று நாட்டியது. நாணயங்கள் 2012-இல் விமானமேறி ஸ்பெயினுக்குப் போயின. அங்கே வழக்கின் முடிவை எழுதியது அடையாளம்தான்.

இனிப் புலவர் ஐயாவின் உடைகலத்துக்கு வருகிறேன். அதை எதிர்க்க எண்ணித்தான் எழுதத் தொடங்கினேன். ‘உடை’ என்பது தகர்தலையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும். சட்ட நூலில் இந்த மயக்கம் ஆகாது என்பதே என் தடை. எழுதிக்கொண்டிருக்கும்போதே, இந்த இயலின் கேள்வி முழுவதும் அந்த மயக்கத்துக்குள்தான் இருக்கிறது என்று தோன்றிற்று: உடைந்த கலம் இன்னும் எவரோ உடைய கலம்தானா? ‘சென்ட்ரல் அமெரிக்கா’வின் தங்கத்துக்கு 1857-இல் இழப்பீடு கொடுத்த காப்பீட்டாளர்களின் வழிவந்தோர், 130 ஆண்டுகளுக்குப் பிறகு வந்து நின்றபோது, அவர்கள் உரிமையைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் கூறியது. கண்டவருக்கே உடைமை என்ற ‘கண்டெடுப்பு நெறி’ அங்கே விழுந்தது. எடுத்தவர்க்குச் சால்வேஜ் ஊதியம் உண்டு என்ற நெறி நின்றது. ஊதியமே பெரும்பங்காக இருந்தது என்பது வேறு கதை.

நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி பழையது. காற்றில் சிக்கிக் கரைதட்டிய கலங்களின் சரக்கை முன்னிருந்த மன்னர்கள் வாரிக்கொண்டனர், இனி சுங்கம் தவிர மற்றவற்றை உரியவர்க்கே விடுவோம் என்று காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-ஐ ஒட்டி ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் அபய சாசனம் பொறித்தார். உடைந்த பின்னும் உடையவர் உடையவரே என்பதுதான் அதன் சாரம். ஆகவே என் தடையை நானே விலக்கிக்கொண்டு உடைகலத்துக்கு வாக்களிக்கிறேன். ஒன்றே ஒன்று: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அச்சகத்தார் ‘உடைக்கலம்’ என்று ஒற்றிட்டுவிட்டால் அது துணி வைக்கும் பாத்திரமாகிவிடும்.

அகழாய்வு மாணவி:

பெரியோர்க்கு வணக்கம். ‘மீட்பு’ என்ற சொல்லை இந்த நூல் ஆளவே கூடாது என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். சால்வேஜ் ஊதியத்துக்குக் கடலிடர், கட்டாயமில்லாத தொண்டு, வெற்றி என்ற மூன்றும் வேண்டும் என்று படித்திருக்கிறேன். குளிர்ந்த இருளில் முந்நூறு ஆண்டு அசையாமல் கிடக்கும் கப்பலுக்கு என்ன இடர்? அதற்கு இடரே நாம் இறக்கும் இயந்திரக் கைதான். 2001-இன் யுனெஸ்கோ உடன்படிக்கை, நூறாண்டேனும் நீரடியில் கிடந்த மனிதத் தடயங்களைப் பண்பாட்டு மரபாகக் கொண்டு, கிடந்த இடத்திலேயே பேணுவதை முதல் தெரிவாகக் கருதச் சொல்கிறது. ‘மீட்பு’ என்று எழுதியவுடனே எடுப்பவர் நல்லவராகிவிடுகிறார். ‘எடுப்பு’ என்பது நடுநிலையான சொல், அதையே வேண்டுகிறேன்.

வழக்கறிஞர்:

மாணவி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நடுநிலைச் சொல் இங்கே பிழையான சொல்லாகும். சட்டம் நடுநிலையாக இல்லை. எடுத்தவரைத் தொண்டு செய்தவராகவே அது பார்க்கிறது, அதனால்தான் ஊதியம் தருகிறது. அந்தச் சாய்வைச் சொல்லில் மறைத்தால், சட்டத்தைக் குறைகூறும் வாய்ப்பையும் மாணவரிடமிருந்து பறித்தவர்களாவோம். 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து போகும் வழியில் ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ‘திலாவா’விலிருந்து 2,364 வெள்ளிக் கட்டிகளை 2017-இல் ஒரு நிறுவனம் எடுத்தது. வெள்ளி தென்னாப்பிரிக்காவுக்கு உரியது; நிறுவனம் கேட்டது ஊதியம் மட்டுமே. அந்த நாட்டுக்கு இறைமை விலக்கு உண்டு, அதாவது வேற்று நாட்டு நீதிமன்றத்தில் அதை வழக்குக்கு இழுக்க முடியாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. ‘எடுப்பு’ என்ற சொல்லால் இவ்வழக்கை விளக்கவே முடியாது. ஊதியம் என்ற கருத்து சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘கலமீட்பு’, ‘கலமீட்பூதியம்’ என்று வைத்தால் மற்ற மீட்புகளோடு முட்டாது.

புலவர்:

இறுதியாகக் கைவசம். ‘வசம்’ வடசொல், தவிர்ப்போம். ‘கைப்பற்று’ என்பதைப் போலத் ‘தொலைப்பற்று’ என்று ஆக்கலாம்.

கடற்பொறியாளர்:

ஐயா, பற்றைத் தொலைப்பது துறவியின் வேலை. ரோபோ இறக்கிப் பொன் தேடுபவருக்கு அந்தச் சொல்லை வைத்தால் வள்ளுவர் வருந்துவார்.

சொற்பிறப்பு ஆர்வலர்:

‘கண்வசம்’ போதுமே? அங்கே உண்மையில் எட்டுவது கண் மட்டும்தான்.

வழக்கறிஞர்:

போதாது. பார்த்துக்கொண்டிருப்பது உடைமையாகாது. இடம் தெரிந்திருக்க வேண்டும், அப்போதைக்கப்போது படம் வர வேண்டும், இயந்திரக் கையால் பொருளைக் கையாளும் வல்லமை வேண்டும், ஆளும் கருத்தும் வேண்டும். பத்திரங்களில் ‘சுவாதீனம்’ என்றே எழுதுகிறோம். ‘தொலைச்சுவாதீனம்’ என்றால் எந்த நீதிமன்றத்திலும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்:

சுவாதீனம் என்றால் இன்றைய மாணவர் ‘புத்தி சுவாதீனம்’ ஒன்றையே அறிவார். அதோடு தொலையும் சேர்ந்தால் என் கதி என்னவாகும்? ‘தொலைவசம்’ என்று வைக்கலாமா? ‘தொலை’ என்ற சொல்லுக்குத் தூரம் என்றும், கெட்டுப்போதல் என்றும் இரு பொருள் உண்டு. தொலைவிலிருந்து வசமாவது என்றும், தொலைந்தது வசமாவது என்றும் இரண்டும் இங்கே பொருந்திவிடுகின்றன.

புலவர்:

பொருத்தம் நன்று, வசம் வடசொல்லாகவே இருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்க.

மொழிபெயர்ப்பாளர் (வியாழன் இரவு):

அனைவருக்கும் நன்றி. உடைகலம், கண்டறிதல், இடங்குறித்தல், அடையாளம் நாட்டல், கண்டெடுப்பு நெறி, கலமீட்பு, கலமீட்பூதியம், தொலைவசம் ஆகியவற்றை ஆண்டு இயலை அனுப்பப் போகிறேன். ‘மூழ்குகலம்’ என்பதை உடையாமல் அமிழ்ந்தவற்றுக்கு மட்டும் ஓரிடத்தில் வைத்தேன். ‘உரிமைகோரல்’ பற்றி எவரும் சண்டையிடாததால் அப்படியே விட்டேன். உடைமையைக் கோருவதையும் ஊதியத்தைக் கோருவதையும் மட்டும் வேறுபடுத்தினேன். கருத்துச் சொன்ன ஆறு பேரில் நால்வர் ஒப்பினர். அந்த நால்வரில் இருவர் ‘எதையாவது வைத்து முடியுங்கள்’ என்றே எழுதினர்.

அகழாய்வு மாணவி:

ஐயா, முடித்த பிறகு எழுதுவதற்கு மன்னிக்கவும். 1708-இல் மூழ்கி, 2015-இல் ஏறத்தாழ 600 மீட்டரில் காணப்பட்ட ‘சான் ஹோசே’யை வெண்கலப் பீரங்கிகளில் பொறித்த டால்பின்களைக் கொண்டு நாட்டினர். கொலம்பியா, ஸ்பெயின், ஒரு அமெரிக்க நிறுவனம், வெள்ளி வெட்டியெடுக்கப்பட்ட பொலிவிய மலைப்பகுதியின் பழங்குடியினர் என நால்வர் அதன்மேல் உரிமை கோருகின்றனர். நற்றிணையின் முப்பதாம் பாட்டில், கடல்மரம் கவிழ்ந்தபோது ‘பலர்கொள் பலகை’ என்றொரு உவமை வருகிறது. ஒரே பலகையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அந்தப் பாட்டில் யாரும் மீட்கவில்லை, பற்றிக்கொள்கிறார்கள். ‘கலமீட்பு’க்கு என் ஒப்புதல் இல்லை என்பதை அடிக்குறிப்பிலாவது ஒரு வரி சேர்க்க இடம் இருக்குமா?

மொழிபெயர்ப்பாளர்:

அடிக்குறிப்புக்கு இரண்டு வரி இடம் இருக்கிறது. புலவர் ஐயா ஒன்றைக் கேட்டுவிட்டார்; மற்றது உங்களுக்கு. காலை ஒன்பது மணிக்குள் அனுப்புங்கள்.