வேர்டில் இரண்டு நெடுவரிசை: வரிகள் நேருக்கு நேர் நிற்பதில்லை

மலர்வடிவம்:
ஏ4 தாளில் இரண்டு நெடுவரிசையாக ஒரு மலர் தயாராகிறது. எழுத்து 11 பாயிண்ட், லைன் ஸ்பேசிங் 'சிங்கிள்'. முதல் வரி இரண்டு பக்கமும் சரியாகத் தொடங்குகிறது. கீழே போகப் போக வலப்பக்கம் அரை வரி இறங்கிவிடுகிறது. நடுநடுவே ஆங்கிலச் சொற்களும் உட்தலைப்புகளும் உண்டு. எங்கே கோளாறு?

வரிக்கட்டு:
'சிங்கிள்'தான் வினை. அதில் வரியின் உயரத்தை எழுத்துரு முடிவு செய்கிறது. தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு வேறொன்று என்றால் இரண்டும் கலந்த வரி மட்டும் சற்று உயர்ந்துவிடும். அது சேர்ந்து சேர்ந்துதான் அரை வரி.

ஸ்டைல்ஸில் 'நார்மல்' மேல் ரைட் கிளிக், மாடிஃபை, ஃபார்மட், பாராகிராஃப். லைன் ஸ்பேசிங் 'எக்ஸாக்ட்லி' 16 பாயிண்ட். பிஃபோர், ஆஃப்டர் (பாராவுக்கு மேலும் கீழும் விடும் இடைவெளி) இரண்டும் 0. ரொம்பக் குறைத்தால் 'கீ'யின் சுழியும் 'ழ'வின் காலும் வெட்டுப்படும்.

உட்தலைப்பு எடுக்கும் மொத்த உயரம் 16-இன் மடங்காக வர வேண்டும். 14 பாயிண்ட் எழுத்துக்கு எக்ஸாக்ட்லி 20, பிஃபோர் 8, ஆஃப்டர் 4: மொத்தம் 32. தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் 52 ஆகி கணக்கு உதைக்கும். அதற்கென தனி ஸ்டைல் வையுங்கள், பிஃபோர் 16, ஆஃப்டர் 8, மொத்தம் 64. நெடுவரிசையின் உச்சியில் வரும் ஒருவரித் தலைப்புக்கு பிஃபோர் 0, ஆஃப்டர் 12.

அடி மட்டம் ஒரு வரி ஏறி இறங்கினால் அது வேறு விஷயம்: 'விடோ/ஆர்ஃபன் கண்ட்ரோல்' (பாராவின் ஒற்றை வரி தனியே பிரிந்து நிற்காமல் பார்க்கும் அமைப்பு) செய்யும் வேலை. பேஜ் செட்டப்பில் வெர்டிகல் அலைன்மென்டை 'ஜஸ்டிஃபைட்' ஆக்கி மட்டும் தப்பிக்கப் பார்க்காதீர்கள், மொத்தமும் குலையும்.

மலர்வடிவம்:
வரிகள் நேராகிவிட்டன, நன்றி. ஆனால் படங்கள் மெல்லிய கீற்றாகத்தான் தெரிகின்றன!

வரிக்கட்டு:
படமும் 16 பாயிண்ட் வரிக்குள் மாட்டிக்கொண்டது. படம் உள்ள பாராவுக்கு மட்டும் 'சிங்கிள்' கொடுங்கள். படத்துக்குக் கீழே மறுபடி விலகும். அந்தப் பாராவின் ஆஃப்டரைக் கூட்டிக் குறைத்து வரியைப் பிடிக்கலாம்.

திறமூலன்:
வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாம். ஃபார்மட், பேஜ் ஸ்டைல் போய் 'யூஸ் பேஜ் லைன்-ஸ்பேசிங்' டிக் செய்து, ரெஃபரன்ஸ் ஸ்டைலாக 'பாடி டெக்ஸ்ட்' கொடுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'ரெஜிஸ்டர்-ட்ரூ'. ஏதாவது ஒரு பாரா மட்டும் அடங்காவிட்டால், அதன் 'இண்டெண்ட்ஸ் அண்ட் ஸ்பேசிங்' தாவலில் 'ஆக்டிவேட் பேஜ் லைன்-ஸ்பேசிங்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள்.