ஃபீஸ் கேட்ட கேமரா

பெரம்பூர் அப்பா:

போன ஜூன்ல ஸ்கூல் திறந்த முதல் வாரமே பொண்ணோட டயரியில எழுதி அனுப்பிட்டாங்க. ஒன்பதாவதுல போட்டோகிராபி எடுத்திருக்கா. போன் கூடாதாம். ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்), அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டை எவ்வளவு அகலம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்) மூணையும் கையால மாத்துற கேமராதான் வேணுமாம்.

ரெண்டு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட், மவுண்ட் ரோடுன்னு அலைஞ்சோம். ஒரு கடையில "எத்தனை மெகாபிக்சல் சார் போடட்டும்?"னு கத்திரிக்கா நிறுக்கிற மாதிரி கேட்டாங்க. புதுசு விலையைக் கேட்டுட்டு மோர் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

கடைசியில வேளச்சேரியில கல்யாண போட்டோ எடுக்கிற தம்பி ஒருத்தர் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) மாறுறார்னு தெரிஞ்சு, அவரோட பழைய நிக்கான் டி3300-ஐ 18-55 எம்எம் ஜூம் லென்ஸோட 16,000-க்கு வாங்கினோம். 2014-ல வந்த மாடல், 24 மெகாபிக்சல். ஸ்கூல் பிள்ளைக்குத் தாராளம். எப்படிப் பார்த்து வாங்கணும்னு விக்கிற அவரே சொல்லிக் கொடுத்தார். அப்போதான் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரைக்கும் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு பார்க்கணும். இதுல 31,000 காட்டிச்சு. இந்த மாடலோட ஷட்டரை 1,00,000 தடவைக்குச் சோதிச்சிருக்காங்க. அப்புறம் லென்ஸைக் கழட்டி, பின்னாடியிலிருந்து டார்ச் அடிக்கணும். ஒட்டடை மாதிரி நூல் தெரிஞ்சா ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, தொடவே கூடாது.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஒரு கடையில 50 எம்எம் 1.8 'டி'ங்கிற பழைய வகை நிக்கான் லென்ஸ் மலிவா இருக்கேன்னு வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினா கிளிக் ஆகல. திரையில மூணு இங்கிலீஷ் எழுத்து: எஃப், இ, இ. "அப்பா, இதுவும் ஃபீஸ் கேக்குதுப்பா!"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறா. லென்ஸ்ல இருக்கிற அப்பர்ச்சர் வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டினதும் அது போச்சு. ஆனா ஃபோகஸ் மட்டும் தானா ஆகவே இல்ல. அந்த 'டி' லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, கேமராவுல இருக்கிற மோட்டார்தான் அதைச் சுத்தணும். டி3300-ல அந்த மோட்டாரே இல்ல. உள்ளேயே மோட்டார் இருக்கிற, ஏஎஃப்-எஸ்னு போட்ட லென்ஸா பார்த்து வாங்கியிருக்கணும். கடைக்காரர் சொல்லல, நானும் கேக்கல. திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டார்.

பொண்ணு அதையே கையால திருப்பித் திருப்பிப் பழகிட்டா. ஃபோகஸ் சரியா விழுந்தா வியூஃபைண்டர்ல (கண்ணு வச்சுப் பார்க்கிற துளை) கீழே ஒரு பச்சைப் புள்ளி வரும், அதுதான் அவளுக்கு வாத்தியார். மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்னைக்கு நகர்ற பல்லக்கைத் துரத்தி ஃபோகஸ் பண்ண முடியல. என்ன பண்ணா தெரியுமா? எதிர் விளக்குக் கம்பத்துல ஃபோகஸைப் பூட்டிட்டு, பல்லக்கு அங்க வர்ற வரைக்கும் மோர்ப்பந்தல் ஓரமா நின்னா. 200 படத்துல முப்பதுதான் தேறிச்சு. முழுப் பல்லக்கும் ஒண்ணுல கூட அடங்கல. இந்த கேமராவுல 50 எம்எம் கிட்டத்தட்ட 75 எம்எம் மாதிரி குறுகலாத்தான் பார்க்குமாம். சுமக்கிறவங்க தோள்ல துணி மடிச்சு வச்சிருந்த படம் ஒண்ணு இருக்கு. அதைத்தான் டீச்சர் எடுத்துக்கிட்டாங்க.

அம்பத்தூர் அம்மா:

ஃபங்கஸ்னு சொன்னீங்களே, வயிறு எரியுது. என் பையனோட லென்ஸ் ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க பேக்குக்குள்ளயே பீரோவுல கிடந்துச்சு. தை பிறந்ததும் எடுத்துப் பார்த்தா உள்ளே வெள்ளை நூல். சுத்தம் பண்ணியும் கண்ணாடி மேல தழும்பு போகல. இப்போ காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சுற மணி) போட்டு வைக்கிறோம். பேக் வெளியில பயணத்துக்கு மட்டும்தான்.

திருவான்மியூர் சித்தப்பா:

ஏசி காரை விட்டு இறங்கினதும் பீச்சுல கேமராவை எடுக்காதீங்க, லென்ஸ் மொத்தமும் பனி பூத்துடும். பேக்குக்குள்ளயே கொஞ்ச நேரம் இருக்கட்டும், அதுக்குள்ள ஒரு சுண்டல் சாப்பிடலாம். மணல்ல நின்னுக்கிட்டு லென்ஸ் மாத்துறதும் வேண்டாம்.

பெரம்பூர் அப்பா:

டப்பா விஷயம் இன்னைக்கே பண்ணிடறேன்மா. காத்துப் புகாததுன்னா எங்க வீட்டுல முறுக்கு டப்பா ஒண்ணுதான் இருக்கு. வீட்டம்மாகிட்ட கேட்டுப் பார்க்கணும்.