ஆயில் டெம்பரேச்சர் 125 காட்டுது, எஞ்சின் சூடா, இல்ல கேஜ் பொய் சொல்லுதா?

மெதுவண்டி74:
வணக்கம் நண்பர்களே, 1974 மாடல் வோல்க்ஸ்வேகன் டைப் 2 கேம்பர் வச்சிருக்கேன், 1600 ட்வின் போர்ட் எஞ்சின், காத்துலயே குளிரற வகை. இந்த வண்டி டேஷ்போர்டுல எஞ்சின் சூட்டைச் சொல்ற மாதிரி ஒண்ணுமே கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும், ரேடியேட்டர் இல்ல அதனால டெம்பரேச்சர் முள்ளும் இல்ல, ஆயில் பிரஷர் லைட் ஒண்ணுதான், அது ஓட்டும்போது எரிஞ்சுதுன்னா பாதி கதை முடிஞ்சிருக்கும். அதான் போன மாசம் டிப்ஸ்டிக் (ஆயில் லெவல் பாக்கற குச்சி) இடத்துல சொருகற சென்சாரும் 50லேருந்து 150 வரைக்கும் காட்டற கேஜும் வாங்கி மாட்டினேன்.

மாட்டின நாள்லேருந்து நிம்மதி போச்சு. சமதரையில 80 கிலோமீட்டர் வேகத்துல போனா 110 டிகிரி, கொஞ்சம் ஏத்தம் வந்தா 125. ரோட்டைப் பாக்கறதை விட முள்ளைத்தான் அதிகமா பாக்கறேன், பக்கத்துல உக்காந்திருக்கறவங்க திட்டறாங்க. ராத்திரியில இன்னும் மோசம், ஹெட்லைட் போட்டா அஞ்சாறு டிகிரி ஏறுது, ஒருவேளை டைனமோவுக்கு லோடு கூடி எஞ்சின் சூடாகுதோ என்னவோ. வெளிய தனியா ஒரு ஆயில் கூலர் வச்சிடலாம்னு நினைக்கறேன், வச்சவங்க யாராவது இருக்கீங்களா? ஆயில் 20டபிள்யூ50, லெவல் சரியா இருக்கு.

கிரீஸ்கை:
ப்ரோ கூலரை விடுங்க, ஹெட்லைட் போட்டா முள் ஏறுதுன்னு சொன்னீங்களே அங்கயே விஷயம் இருக்கு. உள்ள இருக்கற ரெண்டரை லிட்டர் ஆயில் லைட் சுவிட்ச் போட்ட நொடியில அஞ்சு டிகிரி ஏறவே ஏறாது, அதுக்கு நிமிஷக் கணக்குல ஆகும். உடனே ஏறுதுன்னா அது சூடு இல்ல கரண்ட். கேஜோட எர்த் வயரை (கரண்ட் பாடி வழியா திரும்பற வயர்) லைட் எர்த்தோட சேர்த்து எங்கயாவது துருப்பிடிச்ச ஸ்க்ரூல மாட்டியிருப்பீங்க, லைட் கரண்ட் அது வழியா போறப்ப கேஜுக்கு குழப்பம் வருது. கேஜுக்குன்னு தனியா ஒரு எர்த் இழுங்க, பாடியில பெயின்ட்டைச் சுரண்டிட்டு மாட்டுங்க.

அப்பறம் ஒரு டெஸ்ட் பண்ணுங்க, காசு செலவில்ல. சென்சாரை வெளிய எடுத்து நுனியை கொதிக்கற தண்ணிக்குள்ள விடுங்க, சென்சார் பாடியிலேருந்து எஞ்சினுக்கு ஒரு வயர் கட்டாயம் குடுக்கணும், இல்லன்னா எர்த் கிடைக்காம முள் அசையவே அசையாது. இக்னிஷன் ஆன் பண்ணா போதும் எஞ்சின் ஓட வேண்டாம், ரொம்ப நேரம் மட்டும் ஆன்ல விடாதீங்க, காயில் சூடாகும். கடல் மட்டத்துல 100 காட்டணும், உயரமான ஊரா இருந்தா 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கழிச்சுக்கோங்க. அதை விட எவ்ளோ கூடவோ குறையவோ காட்டுதோ அதுதான் உங்க கேஜோட பொய்.

இந்த சென்சாரெல்லாம் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையற வகை. அதனால வயர் அறுந்தா இல்ல கனெக்‌ஷன் லூஸா இருந்தா முள் கம்மியா காட்டும், வயர் தோல் உரிஞ்சு பாடியில பட்டா ஒரேயடியா 150க்கு ஓடும். கம்மியா காட்டறதுதான் டேஞ்சர், ஏன்னா யாருமே கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டாங்க. கேஜும் சென்சாரும் ஜோடி சேரலைன்னாலும் இதே தொல்லைதான்.

மூணாம்சிலிண்டர்:
கிரீஸ்கை சொன்னதை முதல்ல பண்ணுங்க. நான் சொல்ல வர்றது வேற, எங்க அளக்கறோம்ங்கறதைப் பொறுத்து நம்பரே மாறும். சம்ப்ல (எஞ்சின் அடியில ஆயில் தேங்கற இடம்) இருக்கறது பேரிங், சிலிண்டர் ஹெட் எல்லாம் சுத்தி சூடாகி கீழ விழுந்த ஆயில், பம்ப் அதை உறிஞ்சி எஞ்சின்லயே இருக்கற கூலருக்கு அனுப்பி அப்பறம்தான் மறுபடி பேரிங்குக்கு போகுது, அதனால டிப்ஸ்டிக்ல பாக்கறது கூலருக்கு முன்னாடி இருக்கற சூடு. சிலபேர் பிரஷர் சுவிட்ச் இடத்துல டி-பீஸ் (மூணு வழி இணைப்பு) போட்டு சென்சார் வைப்பாங்க, அங்க ஆயில் ஓடாம முட்டுச்சந்துல நிக்கற மாதிரி நிக்கும், அது எப்பவும் கம்மியாதான் காட்டும். அந்த ஆள் 95, நீங்க 110ன்னு ஒப்பிட்டுப் பாத்து பயந்தா அதுக்கு அர்த்தமே இல்ல. நான் சம்ப் ப்ளேட்ல வச்சிருக்கேன், கல் அடிக்குமோன்னு பயம் இருக்கு, இதுவரைக்கும் அடிக்கல.

டிப்ஸ்டிக் சென்சார்ல இன்னொரு வில்லங்கம், ஆயில் குறைஞ்சா நுனி காத்துல நிக்கும், அப்ப முள் இறங்கும், நாம சந்தோஷப்படுவோம், ஆனா எஞ்சின் செத்துக்கிட்டிருக்கும். காரணமே இல்லாம சூடு கம்மியாச்சுன்னா ஓரமா நிறுத்தி லெவல் பாருங்க.

என்னோட கணக்கு, சம்ப்ல 80லேருந்து 110 வரைக்கும் கவலையே இல்ல, 120ன்னா ஆக்சிலரேட்டரை விடுவேன், 130ன்னா ஓரம் கட்டுவேன். 80க்கு கீழயே எப்பவும் ஓடினாலும் நல்லதில்ல, ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாகாது, ஃபில்லர் மூடியில வெள்ளையா மயோனைஸ் மாதிரி பிடிக்கும். வெளிய கூலர் வைக்கறவங்க தெர்மோஸ்டாட் வைக்காம விட்டா இதான் நடக்கும், அதுக்கு மேல அந்த ஹோஸ் ஒண்ணு அறுந்தா ரெண்டரை லிட்டர் ரோட்டுல ஊத்த எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

உண்மையிலேயே எஞ்சினைக் காப்பாத்தணும்னா ஹெட் டெம்பரேச்சர் கேஜ்தான். ஸ்பார்க் ப்ளக் கீழ வாஷர் மாதிரி ஒரு வளையம், அது தெர்மோகப்புள் (ரெண்டு வேற உலோக வயர் சேர்ந்த சூடு சென்சார்), மூணாம் சிலிண்டர்ல மாட்டணும். ஆயில் கேஜ் நேத்து பேப்பர் மாதிரி, ஏத்தம் முடிஞ்சு இறங்கறப்பதான் உச்சிக்குப் போகும், ஹெட் கேஜ் காலை அழுத்தின சில நொடியில சொல்லிடும். அந்த வயரை மட்டும் வெட்டி சாதா காப்பர் வயர் ஒட்டுப் போடாதீங்க, அளவு கெட்டுடும்.

பழையஆள்:
முப்பது வருஷமா கேஜே இல்லாம ஓட்டறேன். நிறுத்தினதும் டிப்ஸ்டிக்கை இழுத்து விரலால பிடிப்பேன், பிடிக்க முடிஞ்சா போலாம், முடியலன்னா உக்காந்து டீ குடிக்கணும். முள் வந்தா தூக்கம் போகும்.

கிரீஸ்கை:
அண்ணே உங்க விரல் முப்பது வருஷமா வெந்து மரத்துப் போச்சு, அது இப்ப 120ஐயும் பிடிக்கும் :) அதுவும் வண்டி நின்னதுக்கு அப்பறம்தான தெரியும்.

மெதுவண்டி74:
எல்லாருக்கும் நன்றி, ரெண்டு வாரம் ஆச்சு, ரிசல்ட் சொல்றேன். கொதிக்கற தண்ணியில 113 காட்டிச்சு!! எர்த் பாத்தா கிரீஸ்கை சொன்ன அதே துரு ஸ்க்ரூதான், லைட் எர்த்தும் அதுலயேதான் தொங்குது. தனி வயர் இழுத்தேன், இப்ப தண்ணியில 102, லைட் போட்டாலும் முள் அசையல. அப்படின்னா நான் பாத்து நடுங்கின 125 உண்மையில 112 பக்கம்தான் இருந்திருக்கும். ஆனா அதே ஏத்தத்துல இப்பவும் 114 காட்டுது, வெயில் நாள்ல இன்னும் ஏறும்ல, இதைக் குறைக்க வழி உண்டா?

கிரீஸ்கை:
எஞ்சின் பே திறந்து டின்வேரை (எஞ்சினைச் சுத்தி இருக்கற தகடுகள்) சுத்தி ஓரத்துல ரப்பர் சீல் முழுசா இருக்கான்னு பாருங்க. மேல குளிர்ந்த காத்து, கீழ எக்ஸாஸ்ட்டோட சூடான காத்து, ரெண்டையும் பிரிக்கறதே அந்த ரப்பரும் டின்னும்தான், இடைவெளி இருந்தா ஃபேன் கீழ இருக்கற சூட்டையே திரும்ப இழுத்து எஞ்சின் மேல அடிக்கும். ப்ளக் வயர் நுழையற ஓட்டையில இருக்கற ரப்பர் கூட முக்கியம், அது இல்லன்னா காத்து அது வழியா வீணாப் போகும். ஃபேன் பெல்ட் டென்ஷன், டைமிங், ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனை மூடற கூடு) உள்ள காத்தைத் திருப்பற ஃப்ளாப் மூடின நிலையில சிக்கியிருக்கா, கூலர் துடுப்புகள்ல எண்ணெயும் தூசியும் அடைச்சிருக்கா இதையும் பாருங்க, எலிக்கூடு இருந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. டீப் சம்ப் (கூடுதல் ஆயில் பிடிக்கற பெரிய சம்ப்) போடலாம்னு யாராவது சொல்வாங்க, அது பெரும்பாலும் சூடாகற நேரத்தைத் தள்ளிப் போடுமே தவிர ஏத்தம் நீளமா இருந்தா அங்கயேதான் வந்து நிக்கும்.

மூணாம்சிலிண்டர்:
ஏத்தத்துல எந்த கியர்ல போறீங்க? நாலாவதுல காலை முழுசா அழுத்தி முக்கி முக்கி ஏத்தாதீங்க, மூணாவதுக்கு வந்துடுங்க. ஃபேன் கிராங்க்லேருந்து பெல்ட்ல ஓடுது, ஆர்பிஎம் ஏறினாத்தான் காத்து. 50 குதிரை சக்தியில ஒரு வீட்டையே இழுத்துட்டுப் போறீங்க, கத்தட்டும் பரவாயில்ல.

மெதுவண்டி74:
நாலாவதுலதான் போயிட்டிருந்தேன், சத்தம் வந்தா எஞ்சினுக்கு கஷ்டம்னு நினைச்சேன் :( மூணாவதுல 60ல ஏறினேன், 108க்கு மேல போகல. ரப்பர் சீல் இடது பக்கம் ஒரு கை நீளத்துக்கு இல்லவே இல்ல, ஆர்டர் போட்டிருக்கேன். கூலர் வாங்கல. அந்தக் காசுல ஹெட் கேஜ் பாத்துட்டிருக்கேன், வீட்டுல இன்னொரு முள்ளான்னு கேக்கறாங்க.