அரச அலுவலகக் கணினியை மாணவரிடம் திறந்துவிடலாமா?

பயிலுநர்:
வவுனியாவில் தனியார் நிறுவனமொன்றில் ஆறு மாத உள்ளகப் பயிற்சியை முடித்திருக்கிறேன். அந்நிறுவனத்தின் வாடிக்கையாளரான, வன்னியிலுள்ள ஓர் அரச அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்பைச் சோதித்த குழுவில் நானும் இருந்தேன். ஐந்து உத்தியோகத்தர்கள் ஒரே பயனர் பெயரில் நுழைந்தார்கள். கடவுச்சொல், பென்சிலால் எழுதிய துண்டுத்தாளாக விசைப்பலகையின் அடியில் ஒட்டியிருந்தது. காப்புப்பிரதி வைத்திருந்த வன்தட்டோ அதே கணினியின் மேலேயே கிடந்தது. அறிக்கை கொடுத்தோம். நான் விடைபெற்ற நாளிலும் அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

கனகராயன்:
தம்பி, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் போரில் காணி உறுதியைத் தொலைத்துவிட்டு, ஒரு பிரதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த சனத்தின் விவரங்கள் உள்ள கணினியை, பட்டம் முடிக்காத ஒருவருக்குத் திறந்துகாட்டியது எந்த வகையில் நியாயம்? அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம் என்பதாவது உங்களுக்குச் சொல்லப்பட்டதா?

பயிலுநர்:
சொல்லப்பட்டது, அண்ணா. எந்தெந்தக் கணினி, எந்த நாட்கள், எத்தனை மணி வரை என்று எழுத்தில் அனுமதி பெற்ற பின்னரே தொடங்கினோம். ஒருநாள் பட்டியலில் இல்லாத வழங்கியொன்று (மற்றக் கணினிகளுக்குத் தரவு தரும் சேர்வர் கணினி) வலையமைப்பில் தென்பட்டது. பூட்டாத கதவுபோல் இருந்ததால் எனக்குக் கை துறுதுறுத்தது. பக்கத்திலிருந்த மேற்பார்வையாளர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதலில் அவர்களிடம் கேட்போம் என்றார். அந்த ஆறு மாதத்தில் நான் கற்ற பெரிய பாடம் அதுதான்.

குளக்கட்டு:
நானும் அரச ஊழியர்தான். ஒருவர் லீவில் நின்றால், தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல்தான் கடவுச்சொல்லைப் பகிர்கிறோம். அது பிழை என்பதும் தெரியும். கனகராயன் மாணவரை அஞ்சுகிறார்; ஆனால் ஆபத்து வேறிடத்திலிருந்தும் வரும். 2023 ஓகஸ்டில், அரச நிறுவனங்கள் இணையவழி தரவு வைத்திருக்கும் அரச மேகக்கணிமையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டு, மே நடுப்பகுதிக்குப் பிந்திய மடல்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய காப்புப்பிரதி இல்லாததே காரணம். அதற்கு எந்த மாணவரும் பொறுப்பில்லை.

கனகராயன்:
ஏற்கிறேன். ஆனாலும் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை மறைத்த பிரதியில் சோதிக்கலாமே என்ற என் எண்ணம் மாறவில்லை. இன்னொரு கேள்வி: குறைகளை யார், எந்தத் திகதிக்குள் திருத்த வேண்டும் என்று அறிக்கையில் எழுதினீர்களா?

பயிலுநர்:
இல்லை, அண்ணா. 'மிக அவசரம்' என்று சிவப்பில் எழுதினோம், அவ்வளவுதான்.