மூன்று சுற்று வந்தும் கேட்டைக் காணோம்

அயர்லாந்தில் கிளேர் கவுன்டிக்கு நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், அக்டோபர் கடைசி. பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு ரோடு வழியாக இருபது நிமிடம். பக்கத்து வீட்டுப் பெரியவரின் மேய்ச்சல் நிலத்தில் குறுக்கே போனால் ஐந்தே நிமிடம். தினமும் போகிற வழிதான்.

நிலத்தின் நடுவில் வட்டமாக ஒரு மண்கரை, அதன்மேல் முள்மரங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பண்ணை வீட்டைச் சுற்றிப் போட்ட கரை என்கிறார்கள் தொல்லியல்காரர்கள். நாடு முழுக்க 40,000க்கும் மேல் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது 'அவர்கள்', அதாவது கண்ணுக்குத் தெரியாத மாய ஜனங்கள், குடியிருக்கும் இடம். எப்போதும் சுற்றித்தான் போவேன். அன்றைக்கு மழை, இருட்டு, கரைமேல் ஏறி இறங்கிவிட்டேன்.

அப்புறம் கேட்டைக் காணோம். நீல நைலான் கயிறு கட்டிய இரும்பு கேட். போனில் சார்ஜ் இல்லை. வேலியைத் தடவிக்கொண்டே நடந்தேன்: ஈர இலை, முள், கம்பி, மறுபடி முள். மாட்டுத் தண்ணீர்த் தொட்டி மூன்று தடவை காலில் இடித்தது. என் வீட்டு விளக்கோ வேலிக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்த தலை, தவறவிட்டிருக்கலாம். மூன்று தடவையுமா?

பெரியவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டேன். பத்தடிகூட வைக்கவில்லை, கேட் இடுப்பில் இடித்தது.

மறுநாள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஃபோடீன் மாரீ" என்றார். மிதித்தவருக்கு வழி மயங்கும் புல்கட்டியாம். 'அவர்களை'ப் பெயர் சொல்லி அழைக்கவே மாட்டார், 'நல்ல ஜனங்கள்' என்பார். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிற அதே கணக்கு. ஒன்றுதான் கேட்டார்: "மேட்டுலேர்ந்து ஏதாவது எடுத்துட்டு வந்தியா? ஒரு குச்சி?" இல்லை என்றேன். "அப்ப சரி."

இதே கவுன்டியில் லட்டூனில் 1999இல் ஒற்றை வெண்முள் மரம் புதுச் சாலைக்குக் குறுக்கே நின்றது. மன்ஸ்டர் மாகாணத்து 'நல்ல ஜனங்கள்' கொனாக்ட் மாகாணத்து 'நல்ல ஜனங்க'ளோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம், வெட்டாதீர்கள் என்று கதைசொல்லி எடி லெனிஹன் கிளம்பினார். மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள்.

இப்போதெல்லாம் நான் ரோடு வழிதான். பெரியவர் வண்டியில் வந்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். குறுக்கு வழியை ஏன் விட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.