மறுமொழி: படகு மோட்டாரின் 'டில்ட்' – 'சாய்வுப் பொறி' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படகின் பின்னால் மாட்டிய மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி இறக்கும் அமைப்புதான் 'டில்ட்'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நடக்கும் பேச்சில், 'சாய்வுப் பொறி' என்று ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். சொல் சுருக்கமாக இருக்கிறது, சொல்லவும் எளிது. ஆனாலும் படகுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. போன வாரம் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரத்தில் டிப்பர் லாரிகளின் ஜாக்கி வேலை பார்க்கிறவன் நான். ஏற்காட்டிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மினி லாரியில் வந்து சேர்ந்தது. வேலைச் சீட்டில் இங்கே பேசிய சொல்லையே எழுதினேன்: 'சாய்வு சரியில்லை, பார்க்கவும்.' பட்டறைப் பையன் அதைப் படித்துவிட்டுப் படகுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று புரிந்துகொண்டிருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை. வண்டி குடை சாயும், மரம் சாயும், படகு சாய்ந்தால் ஆள் தண்ணீருக்குள். ஒரு பொருள் நிலை தவறுவதைத்தான் நாம் சாய்தல் என்கிறோம். இங்கேயோ, அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், மாட்டியிருக்கும் மோட்டாரை, ப்ரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வரும்வரை நாமே வேண்டுமென்று தூக்குகிறோம்.

சாய்வு நாற்காலி இல்லையா என்று கேட்கலாம். அதில் சாய்வது உட்கார்ந்திருக்கும் ஆள்.

சரி, பழுதுக்கு வருகிறேன், ஏனென்றால் சொல் அங்கேதான் கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் பாதிவரை ஏறும், அப்புறம் நின்றுவிடும். ராத்திரி அப்படியே விட்டுப்போனால் காலையில் முழுக்கக் கீழே இறங்கிக் கிடக்கும். உள்ளே இருப்பது ஒரு 12 வோல்ட் மின்மோட்டார், ஒரு சின்ன பம்ப், ஆயில், அந்த ஆயில் தள்ளும் தண்டு. டிப்பர் பெட்டி தன் எடையிலேயே இறங்கிவிடும். இதில் மின்மோட்டார் திசை மாறிச் சுற்றி, ஆயிலை மறுபக்கம் தள்ளி இறக்குகிறது. அதனால் ஏறுவதற்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), இறங்குவதற்கு ஒரு ரிலே. 'டக்' என்று சத்தம் மட்டும் வந்து சுற்றாமல் நின்றால் முதலில் பேட்டரியையும், துருப்பிடித்த கனெக்‌ஷனையும், ரிலேயையும் பார்க்க வேண்டும். எங்கள் படகில் மின்மோட்டார் நன்றாகவே சுற்றியது.

பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. கரண்ட் இல்லாதபோது அதைத் தளர்த்திவிட்டு மோட்டாரைக் கையாலேயே தூக்கலாம், இறக்கலாம். அது சரியாக இறுகாமல் இருந்தாலும் மோட்டார் ஏறாது. இறுக்கமாகத்தான் இருந்தது. தளர்த்தி, இரண்டு பேர் சேர்ந்து மோட்டாரை முழு உயரத்துக்குத் தூக்கி, முட்டுக் கொடுத்த பிறகு ஆயில் மூடியைத் திறந்தோம். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது, அளவும் குறைந்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. தண்டின் தலைப்பில் இருந்த சீல் காய்ந்து வெடித்திருந்தது. அந்தத் திருகின் ஓ-ரிங்கோ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) நசுங்கித் தட்டையாகிவிட்டது. ராத்திரி இறங்கியதற்குக் காரணம் அதுதான். இரண்டையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, உள்ளே நின்ற காற்று போக ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினோம். மறுநாள் காலையில் ஒரு விரலளவுகூட இறங்கவில்லை.

இத்தனை வேலையிலும் யார் வாயிலும் 'சாய்' என்ற சொல் வரவில்லை. 'தூக்குடா', 'கொஞ்சம் இறக்கு', 'தூக்கினா நிக்குதா பாரு'. ஆகவே என் முன்மொழிவு: இயந்திரத் தூக்கு. படகுக்குள் பேசும்போது வெறும் 'தூக்கு' போதும்.

'ஏற்றிறக்கி' என்று அம்மா ஒருவர் சொல்லியிருந்தார். லாரி ஊரான சேலத்தில் ஏற்று, இறக்கு என்றால் சரக்கும் கூலியும்தான் முதலில் நினைவுக்கு வரும். 'தூக்கு' என்றால் தூக்குத் தண்டனை நினைவுக்கு வருமே என்பது இன்னொருவரின் தயக்கம். எங்கள் கொங்குப் பக்கத்தில் பால் வாங்கத் தூக்குப்போசியோடுதான் போகிறோம், ஒருவரும் மிரள்வதில்லை. அதைவிடப் பெரிய சான்று பாம்பன். 1914இல் திறந்த பழைய பாலத்தில் நடுவில் இருந்த இரண்டு பாதிகளும் அடிப்பக்கம் ஊன்றி நிற்க, நுனி மேலே எழுந்து வந்தது. படகு மோட்டாரும் ஒரு முனை பிடிப்பில் இருக்க, மறுமுனை எழுகிறது, அதே அசைவு. அதைத் தமிழ்நாடே தூக்குப்பாலம் என்றுதான் சொல்லி வந்தது. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு நேராக மேலே போகிறது, அதுவும் தூக்குப்பாலம்தான். எந்த வழியில் எழுந்தாலும் இந்தச் சொல் தாங்குகிறது.

இதிலிருந்து தூக்குத்தண்டு, தூக்கு பம்ப், தூக்குப் பொத்தான் எல்லாம் தானாக வந்துவிடும். கையால் தளர்த்தும் திருகுக்கு முதலில் 'இறக்குதிருகு' என்று நினைத்தேன். ஆனால் அதைத் தளர்த்தித் தூக்கவும் செய்கிறோம். அதனால் 'தளர்திருகு'. மேலே நிறுத்திவைக்கும் கொக்கிக்கு 'முட்டு' இருக்கவே இருக்கிறது.

'ட்ரிம்' வேறு விஷயம், இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டாம். படகு ஓடும்போதே மோட்டாரைச் சில பாகை மட்டும் உள்ளே இழுத்தால் அணியம் (படகின் முன்பக்கம்) தாழும், வெளியே தள்ளினால் அணியம் எழும், அளவு மீறினால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுக்கும். ஏரின் கைப்பிடியான மேழியைப் பிடிக்கும் கோணத்தைப் பொறுத்துக் கொழு இறங்கும் ஆழம் மாறுவது போல. இதற்கு 'ஓட்டக்கோணம்' தோன்றுகிறது. இதில் எனக்கு முழுத் திருப்தி வரவில்லை. கடலோர நண்பர்கள் தங்கள் ஊர்ச் சொல் இருந்தால் தாருங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

படகு வியாழக்கிழமை மலைக்குத் திரும்புகிறது. பொத்தானுக்கு மேலே 'தூக்கு', கீழே 'இறக்கு' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் புதன் மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து